முளையும் பயிரும்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது எம்மவரிடை நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒன்றுகூடும் நாள்களில் இப்பழமொழியைக் கேளாதிருத்தல் அரிது. பெரும் பதவி வகிக்கும் ஒருவர் மேடையேறியதும், அவருக்கு ஆறாம் வகுப்பிற் கற்பித்தவர், “இவன் இப்படி வருவான் என்று எனக்கு அன்றே தெரியும்” என்பார். கேட்போர் தலையசைப்பர். யானும் பலகால் தலையசைத்திருக்கிறேன். சிலகால் அவ்வாறு சொல்லியுமிருக்கிறேன். ஆயின், ‘அன்றே தெரியும்’ என்று நாம் எண்ணிய ஏனையோர் என்னவாயினர் என எவரும் மேடையிற் கேட்பதில்லை. அக்கேள்வியை என்னுள் எழுப்பியது யான் கற்ற நூல் எதுவுமன்று. எமது வகுப்பறைக்கும் எமது மைதானத்துக்கும் ஒருங்கே புறம்பான ஒரு விளையாட்டு. அஃது அமெரிக்கருடைய உதைபந்தாட்டம். விழா மலரில் இத்தகைய பொருளை எடுத்துக்கொண்டமையை அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

என் தமக்கையார் ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகரிற் குடும்பத்துடன் வாழ்கிறார். பதினாறு வயதினனாகிய அவர் மகன் 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஊருக்கு வந்து மூன்று கிழமை எம்முடன் தங்கினான். கோயிலுக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்றேன்; பனங்கிழங்கின் பருவமன்று ஆதலின் ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுத்தோம். எல்லாவற்றையும் மகிழ்ந்து ஏற்றான். ஆயினும் மாலையானதும் அவன் மனம் தன்னூருக்குப் போய்விடும். விறாந்தையில் என் அருகே அமர்ந்து, தன் மடிக்கணினியிற் சேர்த்து வைத்திருந்த ஆட்டங்களைக் காட்டுவான். அவற்றுள் அவன் மீண்டும் மீண்டும் காட்டியது ஹியூஸ்ரன் அணியின் இளைஞர் ஒருவருடைய ஆட்டத்தை. “மாமா, நீங்கள் எத்தினை பிள்ளையளைப் பாத்திருப்பியள். இவரைப் பாத்துச் சொல்லுங்கோ, பெரிய ஆளாய் வருவாரோ?” என்று ஒருநாட் கேட்டான். தமிழாசிரியனிடம் கேட்கத் தகுந்த கேள்வியன்று. எனினும் என் தொழிலின் நடுவிடத்தைத் தொட்ட கேள்வி அது.

அவ்விளையாட்டை அறியாதார்க்கு ஒருசில சொற்கள் கூறுதல் வேண்டும். உதைபந்தாட்டம் எனப் பெயர் பெறினும் அதிற் காலுக்கு வேலை குறைவு. எம் நாட்டார் அறிந்த றக்பி ஆட்டத்தின் வழிவந்தது. பந்தும் அதுபோல நீள்வட்டமானது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தைக் கைக்கொண்ட அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் 10 யார் தூரம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி கிடைக்கும். எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் பந்தைச் சேர்த்தால் 6 புள்ளி. அதனை ரச்டவுன் என்பர். இவ்வளவுக்கும் நடுநாயகமாய் நிற்பவர் குவாற்றர்பக் எனப்படுபவர். பெரும்பாலும் ஒவ்வொரு முயற்சியும் அவர் கையிற் பந்து வந்து சேர்வதுடன் தொடங்கும். தம்மவருள் யார் எங்கே ஓடுகின்றனர், எதிரிகள் யாரை மறைக்கின்றனர், யாரை மறைப்பதுபோற் பாசாங்கு செய்கின்றனர் என்பவற்றை இரண்டு மூன்று வினாடிக்குட் கண்டு, ஓடுகின்ற ஒருவர் கைக்கு அவர் சென்றடையப் போகும் இடம் நோக்கிப் பந்தை எறிதல் வேண்டும். அவ்வினாடிகளில் மலைபோன்ற மனிதர் நால்வர் ஐவர் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவர். பிந்தினால் எறியுமுன் நிலத்தில் வீழ்த்தப்படுவார். பிழைத்தால் எதிரி இடைமறித்துப் பந்தைப் பிடித்துவிடுவான். வினாத்தாளைப் படித்து முடிக்குமுன் விடைத்தாளைப் பறிக்கும் பரீட்சை என்று இதனைக் கூறலாம்.

இவ்விளைஞர்களைத் தெரிவுசெய்யும் முறையும் அறியத்தக்கது. 32 அணிகளைக் கொண்டது அந்நாட்டுத் தொழில்முறைச் சங்கம். பல்கலைக்கழகங்களில் ஆடிய வீரர்களை ஆண்டுதோறும் சித்திரை மாதமளவில் அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. முந்திய ஆண்டில் மிகத் தோற்ற அணிக்கு முதலிடம். நலிந்தார்க்கு முதற்பந்தி என்னும் இவ்வறம் நல்லதே. ஆனால், முதலிடத்திற் தெரியப்படும் இளைஞன் பெரும்பாலும் மிக நலிந்த அணிக்கே போய்ச் சேர்கிறான் என்பதையும் மறத்தலாகாது.

2023ஆம் ஆண்டில் அம்முதலிடம் சிக்காகோ அணியிடம் இருந்தது. கரோலினா அணியார் தம் தெரிவுரிமைகள் நான்கனையும், அவற்றோடு பந்து பிடிப்பதில் வல்ல வீரர் ஒருவரையும் கொடுத்து அதனை வாங்கினர். வாங்கி, அலபாமாப் பல்கலைக்கழகத்துப் பிறைஸ் யங் என்பவரைத் தெரிந்தனர். இரண்டாமிடத்தில் ஹியூஸ்ரன் அணியார் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துச் சி. ஜே. ஸ்ரவுட் என்பவரைத் தெரிந்தனர். இவரே என் மருமகனின் நாயகர். தெரிவுக்கு முன் நிகழ்ந்த ஓர் அறிவுச் சோதனையில் இவர் மிகக் குறைந்த புள்ளி பெற்றார் எனப் பத்திரிகைகள் எழுதியிருந்தன.

ஆட்டம் தொடங்கியது. ஸ்ரவுட் அவ்வாண்டில் 4,108 யார் தூரம் பந்தெறிந்தார், 23 ரச்டவுன்கள், இடைமறிக்கப்பட்டவை 5 மட்டுமே. முந்திய ஆண்டில் மூன்றே ஆட்டம் வென்ற ஹியூஸ்ரன் அணி 10 ஆட்டங்களை வென்றது. யங்கோ 11 ரச்டவுன்களுக்கு 10 இடைமறிப்புக் கொடுத்தார். 62 முறை நிலத்தில் வீழ்த்தப்பட்டார். கரோலினா 17 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்றது. ஆண்டு முடியுமுன் அதன் தலைமைப் பயிற்றுநரும் நீக்கப்பட்டார். ‘முதலிடத்தைத் தவறானவருக்குக் கொடுத்தனர்’ என்று உலகம் தீர்ப்பளித்தது.

ஆயினும் மருமகன் காட்டிய பதிவுகளில் ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. 2023 ஐப்பசி 29ஆந் திகதி இவ்விருவரும் நேருக்கு நேர் மோதினர். வென்றவர் யங், 15க்கு 13. அவருக்கு அதுவே முதல் வெற்றி. அடுத்த கிழமை ஸ்ரவுட் ஒரே ஆட்டத்தில் 470 யார் எறிந்து, 5 ரச்டவுன் கொடுத்து, முடிவதற்கு ஆறே வினாடி இருக்கையில் வெற்றிக்குரிய எறியை எறிந்தார். புதுமுக வீரர் எவரும் ஓர் ஆட்டத்தில் அவ்வளவு தூரம் அதற்குமுன் எறிந்ததில்லை. முதற்கிழமையை மட்டும் கண்டவர் ஒரு தீர்ப்பும், மறுகிழமையை மட்டும் கண்டவர் வேறு தீர்ப்பும் கூறியிருப்பார். “ஒரு வருஷத்தை வைச்சுச் சொல்லாதை தம்பி” என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. “அப்ப எத்தினை வருஷம் வேணும் மாமா?” என்றான். விடை தெரியவில்லை. எனவே இருவருமாகப் பழைய கணக்குகளைப் புரட்டத் தொடங்கினோம்.

முதலில் 1998ஆம் ஆண்டுக்குப் போனோம். அவ்வாண்டில் இந்தியானாபொலிஸ் அணி முதலிடத்திற் பேய்ற்றன் மனிங் என்பவரையும், சான் டியேகோ அணி இரண்டாமிடத்தில் றயன் லீஃப் என்பவரையும் தெரிந்தன. இருவருள் யார் சிறந்தவர் என்று அறிஞர்கள் வாதிட்டனர். லீஃபின் அணி முதலிரண்டு ஆட்டங்களையும் வென்றது. மனிங்கின் அணி முதல் நான்கையும் தோற்றது. ஆண்டு முடிவில் மனிங்கின் எறிகளுள் 28 இடைமறிக்கப்பட்டிருந்தன. புதுமுக வீரர் எவரும் அதுகாறும் அத்தனை பிழை செய்ததில்லை. லீஃபுக்கோ 15 மட்டுமே. இவ்வெண்களை மாத்திரம் தேர்ச்சி அறிக்கையில் எழுதினால் எவர் பெயரின் கீழ்ச் சிவப்பு மையிடுவோம்?

ஆனால் மனிங் எறிந்தவை 575. லீஃப் எறிந்தவை 245. நூற்றுக்கு எத்தனை என்று கணித்தால் மனிங்கின் பிழை ஏறத்தாழ 5, லீஃபின் பிழை ஏறத்தாழ 6. மனிங் 26 ரச்டவுன் கொடுத்தார். லீஃப் கொடுத்தவை இரண்டே. பத்துப் பக்கம் கட்டுரை எழுதிப் பத்துப் பிழை விடும் மாணவனையும், இரண்டு பக்கம் எழுதி மூன்று பிழை விடும் மாணவனையும் ஆசிரியர் பலரும் அறிவர். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர் இரண்டாமவனுக்கே பரிசு கொடுப்பார். முதல் இரு ஆட்டங்களை வென்ற லீஃப், மூன்றாம் ஆட்டத்தில் 15 முறை எறிந்து ஒன்றை மட்டும் தம்மவர் கையிற் சேர்த்தார். அதனாற் கிடைத்தது 4 யார். அதன்பின் அவர் எழவேயில்லை. தாம் தொடங்கிய 21 ஆட்டங்களில் நான்கனை மட்டும் வென்று, 2002இல் ஆட்டத்தைவிட்டு நீங்கினார். மனிங் முதலாண்டில் 16 ஆட்டங்களிலும் ஆடினார். 13 தோல்விகளுக்கிடையிலும் அவரை அமர்த்தி வைக்கவில்லை. மறுஆண்டு அதே அணி 13 ஆட்டங்களை வென்றது.

பின்னர், தெரிவாளர் கண்ணுக்கே அகப்படாதவர்களைத் தேடினோம். 1955இல் ஜொனி யுனைற்றஸ் என்பவரைப் பிற்ஸ்பேர்க் அணி ஒன்பதாஞ் சுற்றில் தெரிந்து, ஓர் ஆட்டத்திலும் இறக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர் கட்டட வேலை செய்துகொண்டே ஆட்டமொன்றுக்கு 6 டொலர் கூலிக்கு உள்ளூர்க் குழுவொன்றில் ஆடினார். 1956இற் பால்ற்றிமோர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல்வர் காலொடிந்து விழ, மாற்றாளாய்க் களமிறங்கிய யுனைற்றஸின் முதல் எறியை எதிரி இடைமறித்து, அதனையே ரச்டவுனாக்கினான். அவ்வொரு கணத்தோடு தீர்ப்பு எழுதியிருந்தால், 1958இலும் 1959இலும் அவ்வணி பெற்ற வெற்றிக் கிண்ணங்கள் வேறெங்கோ போயிருக்கும். ரொம் பிரேடி என்பவரை நியூ இங்கிலாந்து அணியார் 2000ஆம் ஆண்டில் 199ஆம் ஆளாகத் தெரிந்தனர்; அவருக்கு முன் ஆறு குவாற்றர்பக்குகள் தெரியப்பட்டுவிட்டனர். முதலாண்டில் அவர் எறிந்தவை மூன்று, சேர்ந்தது ஒன்று, தூரம் 6 யார். மறுஆண்டு இரண்டாம் ஆட்டத்தில் முதல்வர் காயமுற, இவருக்கு இடம் கிடைத்தது. 2023இல் ஓய்வு பெறுமுன் ஏழுமுறை மகுடம் சூடினார்.

முதலாண்டில் வாடிப் பின் தழைத்தாருமுளர். ரோய் எய்க்மன் என்பவர் 1989இல் டலஸ் அணிக்காகத் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார். பின்னர் மூன்று மகுடம் பெற்றார். 2018இற் பபலோ அணியிற் சேர்ந்த ஜோஷ் அலன், எறிந்தவற்றுள் நூற்றுக்கு 53க்கும் குறைவாகவே தம்மவர் கையிற் சேர்த்தார். ரச்டவுன் 10, இடைமறிப்பு 12. குறி தவறுதல் பிறவிக்குணம், மாறாது என்றனர் பலர். பயிற்சி நெறியாளர் மாறவில்லை; 2020இல் திறமையான பந்துபிடி வீரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டில் நூற்றுக்கு 69 சேர்ந்தன. 2024இல் அவரே சங்கத்தின் தலைசிறந்த வீரரெனப் பரிசு பெற்றார். மாறாக, முதலாண்டிற் சுடர்விட்டு மங்கினாரையுங் கண்டோம். 2012இல் வாஷிங்ரன் அணியின் றொபேட் கிறிபின் 20 ரச்டவுன்களுக்கு 5 இடைமறிப்பு மட்டுமே கொடுத்துச் சிறந்த புதுமுகவீரர் பரிசு பெற்றார். 2013 தை மாதத்து ஆட்டமொன்றில் முழங்காலிற் பெருங்காயம் நேர்ந்தது. அந்த முதலாண்டுப் பொலிவு பின்னர் திரும்பவேயில்லை. அன்று அவரை வென்ற எதிரணியின் குவாற்றர்பக் றஸல் வில்சன், அதே ஆண்டுத் தெரிவில் 75ஆம் ஆளாக வந்தவர். மறுபருவத்தில் மகுடம் சூடியவர் அவரே.

இவ்வரலாறுகளைக் கேட்ட என் மனம் பழமொழிக்குத் திரும்பியது. முளையும் பயிரும் ஒரே மண்ணில் நிற்பன. முளையைக் கண்டு பயிரை மதிப்பிடலாம் என்பது அம்மண் மாறாதவரைக்கும் பொருந்தும். ஆனால் மிளகாயையும் புகையிலையையும் எம் தோட்டக்காரர் மேடையில் முளைக்கவைத்துப் பின் பிடுங்கி வேறு நிலத்தில் நடுகின்றனர். பிடுங்கி நட்ட கன்று முதற் சில நாள்களில் தலைசாய்ந்து வாடும். அனுபவமுள்ள தோட்டக்காரன் அதைக் கண்டு ‘இது பிழைக்காது’ எனப் பிடுங்கியெறிவதில்லை. நிழல் வைத்து நீர் தெளிப்பான். பல்கலைக்கழகத்திலிருந்து தொழில்முறை அணிக்கு வருபவன் பிடுங்கி நட்ட கன்று. அங்கு அவனைவிட மெதுவாக ஓடிய எதிரிகளே இங்கில்லை. கன்றை நட்ட நிலமோ, முன்னர்க் கூறியவாறு, பெரும்பாலும் சத்துக் குன்றிய நிலம். அவனைக் காக்கவேண்டிய முன்வரிசையார் பலவீனரானால் அவன் பார்வையும் கால்களும் அச்சத்திற் பழகிவிடும். பயிற்றுநர் ஆண்டுக்கொருவர் மாறினால், ஒவ்வோராண்டும் புதிய அரிச்சுவடி.

மறுபுறம், முதலாண்டுச் சிறப்பும் முழுதும் நம்பத்தக்கதன்று. புதியவன் ஆடும் முறையை எதிரிகள் அறியார். ஆண்டு முடிந்ததும் அவன் ஒவ்வோர் எறியையும் படச்சுருளிலே கூர்ந்து பார்த்து, அவன் விரும்பும் வழியை அடைத்துவிடுவர். அவ்வடைப்புக்கு மாற்றுக் கண்டால்தான் அவன் தேர்ந்தவன். அன்றியும் ஐந்து இடைமறிப்பு என்பது சிற்றெண். எதிரியின் கைதவறி விழுந்த இரண்டு பந்துகள் கைதவறாதிருந்தால் ஐந்து ஏழாகிவிடும். சிற்றெண்ணிற் பெருந்தீர்ப்புக் கட்டுதல் மணல்மேற் சுவர் எழுப்புதலாகும்.

வள்ளுவனார் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓரதிகாரம் வகுத்தார். அதனோடமையாது ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோரதிகாரத்தையும் அடுத்து வைத்தார். இவ்வைப்புமுறையின் அருமையை இவ்விளையாட்டே எனக்கு நன்கு விளக்கியது. ஆளை ஆராய்ந்து தெரிவது ஒரு வேலை. தெரிந்தவனை அவனுக்கேற்ற வினையில் ஏற்றவாறு ஆளுவது வேறொரு வேலை. முதலதில் வென்று இரண்டாவதிற் தோற்ற அணிகள் பல. தோல்வி வந்ததும் அவை, ‘நாம் தெரிந்தது பிழை’ என்கின்றன. ‘நாம் ஆண்டது பிழை’ என்பதில்லை. இளைஞன் மேல் எழுதப்படும் தீர்ப்பிற் பாதி, அவனை ஆண்டவர்மேல் எழுதப்படவேண்டியது.

மருமகன் அமெரிக்காவுக்குத் திரும்பினான். கிழமைதோறும் கைத்தொலைபேசியிற் செய்தி வரும். 2024ஆம் ஆண்டு ஆட்டங்களில் ஸ்ரவுட் 52 முறை வீழ்த்தப்பட்டார். ரச்டவுன் 20 ஆகக் குறைய, இடைமறிப்பு 12 ஆக உயர்ந்தது. யங்கோ இரண்டு தோல்விகளோடு வாங்கில் அமர்த்தப்பட்டார். அவரை விற்றுவிடலாம் என்று பேசினர். ஐந்து ஆட்டங்களின் பின், அவரிடத்தில் ஆடிய மூத்தவர் வாகன விபத்தொன்றிற் பெருவிரலிற் காயப்பட, யங் மீண்டும் களமிறங்கினார். திரும்பி வந்தவர் வேறொருவர் போல் ஆடினார். 2025 தை 5ஆந் திகதி, பருவத்தின் இறுதியாட்டத்தில் அற்லான்ரா அணியை 44க்கு 38 என வென்றபோது, எறிந்து மூன்று, தாமே ஓடி இரண்டு என ஐந்து ரச்டவுன் அவருடையவை. அன்றிரவு மருமகன் பேசினான். “மாமா, நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் போலை கிடக்கு” என்றான். “போன வருஷம் நீ சொன்னதும் அவசரம், இப்ப சொல்லுறதும் அவசரம்தான் தம்பி” என்றேன். சொல்லி வைத்த பின்னர் என் சொல் என்னையே சுட்டது.

அதன் காரணத்தையும் இங்கு மறையாது கூறுதல் முறை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆசிரிய கலாசாலையிற் சான்றிதழ் பெற்று வந்த புதிதில், யான் முதன்முதற் கற்பித்த பாடசாலையில், ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். வாய்திறந்து பேசான். கட்டுரை எழுதச் சொன்னால் ஐந்தாறு வரி. அவற்றுள்ளும் ரகர றகர மயக்கம், ஒற்றுப் பிழை. முதலாந் தவணை அறிக்கையில், “மொழித்திறன் குறைவு, உயர்வகுப்புக் கல்விக்கு உகந்தவனல்லன்” என்று எழுதினேன். அழகிய வாக்கியம் என எண்ணிக்கொண்டதும் நினைவில் உண்டு. அவன் அடுத்த ஆண்டு வரவில்லை. யானும் தேடவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் வீட்டுத் திருத்த வேலைக்கு ஆணியும் வண்ணமும் வாங்க இரும்புக்கடையொன்றுக்குச் சென்றேன். சிட்டை எழுதிய இளைஞன் நிமிர்ந்து, “சேர், என்னைத் தெரியுதோ?” என்றான். தெரியவில்லை. பெயரைச் சொன்னான், பின்னர், புன்சிரிப்போடு, யான் எழுதிய அவ்வாக்கியத்தை ஓரெழுத்தும் பிசகாமற் சொன்னான். “குறையாய்ச் சொல்லேல்லை சேர், அப்பா அதை வாசிச்சுப்போட்டுத்தான் என்னை வேலைக்கு விட்டவர். அப்ப நாங்கள் இடம்பெயர்ந்து அந்த வருஷம் மூண்டு பள்ளிக்கூடம் மாறினனாங்கள்” என்றான். மூன்று பாடசாலை! யான் அதைக் கேட்டறியவேயில்லை. பிடுங்கி நட்ட கன்று வாடியதைக் கண்டு, விதை பழுது என்று எழுதிவிட்டேன். அவன் தந்த சிட்டையை வீட்டுக்குக் கொணர்ந்து பார்த்தேன். கையெழுத்துத் தெளிவு, பொருட் பெயர்களில் ஒரு பிழையுமில்லை. அவன் பெரிய எழுத்தாளனாக வந்திருப்பான் என யான் கூறவில்லை. வந்திருப்பானா மாட்டானா என்பது இனி எவருக்கும் தெரியவராது. என் குற்றத்தின் அளவு அதுவே.

அவ்வாறாயின், முதலாண்டிலோ முதற்றவணையிலோ ஒன்றுமே காணமுடியாதா எனிற் காணலாம். ஆனாற் காணவேண்டியது பயனையன்று. பிழை செய்யும் முறையை. இன்று செய்த பிழையையே நாளையும் செய்கிறானா, புதிய பிழை செய்கிறானா? புதிய பிழை கற்றலின் அறிகுறி. பிழை செய்தபின் அடுத்த எறியை எறிய அஞ்சுகிறானா, எறிகிறானா? இருபத்தெட்டுப் பிழை செய்தவர் இருபத்தொன்பதாவது முறையும் துணிந்து எறிய வல்லவராயிருந்தமையே அவர் முளையிற் கண்டிருக்கத்தக்க நற்குறி. இவற்றோடு, அவனைச் சூழ நிற்போர் யாவர், அவனுக்கு நிழல் வைத்தவர் உளரா என்பதையும் நோக்குதல் வேண்டும். இவ்வளவையும் நோக்கியபின்னும் எழுதவேண்டியது கண்டதை மட்டுமே. காணாத வருங்காலத்தை எழுத எமக்கு எவரும் மை தரவில்லை.

அண்மையில் இக்கல்லூரியின் ஆறாம் வகுப்பு அறிக்கைகளை எழுத அமர்ந்தேன். புதிதாய்ச் சேர்ந்த மாணவன் ஒருவனின் புள்ளி 31. சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டு இருந்தேன். பின்னர், “எழுத்துப் பிழை மிகுதி. கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வதில் ஆர்வமுடையவன். பாடசாலை மாறி வந்தவன்; வரும் தவணைகளிலும் பார்த்தல் வேண்டும்” என்று எழுதினேன். கையொப்பமிட்ட அதிபர், “முடிவாய் ஒண்டும் எழுதேல்லையே?” என்றார். “இது முதலாந் தவணைதானே சேர்” என்றேன். அவர் மறுத்தொன்றுங் கூறவில்லை.

விழாக் காணும் எம் கல்லூரியன்னை பல்லாண்டு வாழ்க. மேடையேறிப் புகழ்பெற்ற மைந்தர்க்கு இம்மலர் எப்படியும் போய்ச் சேரும். ஒரு தவணையோடோ ஓராண்டோடோ எம் கண்ணுக்கு மறைந்து, கடையிலும் வயலிலும் கடலிலும் உழைப்பவர் கைக்கும் இதன் பிரதியொன்று போய்ச் சேருமாறு சங்கத்தார் ஆவன செய்வார்களாக. அவர்களும் பழைய மாணவரே.